ஓட்டக்காரி உட்கார்ந்த கல்யாணம்

சொந்தக்காரர்கள் அவளை ஓட்டக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவளாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள். அவள் போட்டோ எடுக்கிறவள், சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறவள். குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் கடைசியில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் எடுப்பாள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, டைமரை அமுக்கிவிட்டு, "யாரும் அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து வலது ஓரத்தில் நிற்பாள். நிற்பாள் என்று சொல்வதுகூடப் பொய். நிற்பதற்குள் கேமரா தன் வேலையை முடித்துவிடும்.

அதனால் ஒரு படத்தில் அவள் தோளும் பறக்கிற முடியும் மட்டும் இருக்கும். இன்னொன்றில் ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். வேறொன்றில் வாய் ஆவென்று திறந்திருக்கும், "சிரிங்க" என்று சொல்லி முடிக்கவில்லை. அவளுடைய அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, அந்தப் படங்களை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள். "எல்லாருக்கும் மூஞ்சி இருக்கு பாருங்க. எங்க ஓட்டக்காரிக்கு மட்டும் காத்துதான் இருக்கு" என்பாள். வீடே சிரிக்கும். ஓட்டக்காரியும் சேர்ந்து சிரிப்பாள். வேறென்ன செய்வது?

ஸ்டூடியோ என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். வீட்டின் முன்னறைதான். ஒரு சுவரில் நீலத் துணி, எதிரே குடை மாதிரி விரிந்த விளக்கு, நடுவில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார ஒரு முக்காலி, மூலையில் கம்ப்யூட்டர். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். திரைக்கு இந்தப் பக்கம் தொழில், அந்தப் பக்கம் குடும்பம் என்று பேர். ஆனால் தொழில் திரையைத் தாண்டி எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும். குடும்பம்தான் கூச்சப்பட்டுக்கொண்டு வெளியே நிற்கும்.

வருகிறவர்கள் யாரும் பெரிய வேலை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "சின்ன வேலைதான்" என்பார்கள். இந்தச் சின்ன வேலை இருக்கிறதே, அது போல ஆளைத் தின்கிற வேலை உலகத்தில் இல்லை. ஒருத்தர் வந்து, குரூப் போட்டோவில் தன் தம்பி கண்ணை மூடியிருக்கிறான், திறந்துவிடுங்கள் என்பார். ஒரு அம்மாள் வந்து, நாத்தனாரை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூத்தொட்டியை வைக்க முடியுமா என்று ரகசியக் குரலில் கேட்பாள். ஒரு மாப்பிள்ளை, தலையில் கொஞ்சம் முடி போட்டுத் தரச் சொன்னான். போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அவனே போன் பண்ணி, முன்பக்கம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றான். ஏண்டா அப்பா, உனக்கு வராத முடி எனக்கு மட்டும் வருமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரிங்க தம்பி" என்றாள்.

இப்படி எதற்கும் சரி என்று சொல்கிற பழக்கம் சும்மா வந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கையில் பள்ளிக்கூடம் போகிற தங்கையும் கடனுக்கு வாங்கிய ஒரு கேமராவும் இருந்தன. அன்றைக்கு ஒருத்தரிடம் முடியாது என்று சொல்லியிருந்தால் அடுப்பு எரிந்திருக்காது. அந்தக் கேமராவை வைத்துத்தான் தங்கையை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தாள். அது எவ்வளவு பெரிய காரியம்! நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டிய காரியம். ஆனால் அந்தப் பழக்கம் அடுப்பு நன்றாக எரியத் தொடங்கிய பிறகும் ஆளை விடவில்லை.

அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஒரு வாரம் கம்பெனியின் அவசரப் போன் அவரிடம் இருக்கும், எந்நேரம் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். மறுவாரம் அந்தப் போன் வேறொருவரிடம் போய்விடும், எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் இவர் காலை நீட்டிக் கடலையைக் கொறிப்பார். "என்னங்க, பாவம் இல்லையா?" என்று அவள் கேட்டால், "அதுக்குத்தான் இன்னொருத்தன் இருக்கான்" என்பார். அவளுக்கு இன்னொருத்தி கிடையாது. எல்லா வாரமும் அவள் வாரம்தான்.

தங்கை ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள், ஒரு சின்ன மண்டபத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம், நூறு பேருக்குச் சாப்பாடு. விஷயத்தைச் சொன்னதும் ஓட்டக்காரி குதித்தாள், அழுதாள், திரும்பவும் குதித்தாள். உடனே மண்டபத்தில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். வெளிச்சம் எப்படி விழும் என்று பார்க்க வேண்டாமா?

தங்கை தலையைத் திருப்பினாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஸ்டூடியோவின் பெருமையே அந்தப் படம்தான். தங்கை நர்ஸ் பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. மேடைப் படியிலிருந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வருகிறாள். வருகிறவர்கள் எல்லாம் அதைக் காட்டி, "இந்தச் சந்தோஷத்த எப்படிம்மா புடிச்சீங்க? எங்களுக்கும் இதே மாதிரி வேணும்" என்பார்கள். ஓட்டக்காரிக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

"அக்கா, இதுல நான் சிரிக்கிறேன்ல, அது நடிப்பு" என்றாள் தங்கை.

"என்னடி உளர்ற?"

"உளறல. நீயே நெனச்சுப் பாரு. நான் படியில இருந்து ஓடி வந்தேன். நீ கீழ முட்டி போட்டு உக்காந்திருந்த. 'நில்லு நில்லு, தலைக்குப் பின்னாடி கம்பம் வருது, மேல போயி மறுபடி ஓடி வா'ன்னு சொன்ன. போயிட்டு மறுபடி ஓடி வந்தேன். அதுதான் இது."

ஓட்டக்காரிக்கு ஞாபகம் வந்தது. கம்பம் வந்தது உண்மை. அவள் சொன்னதும் உண்மை.

"மொத தடவை ஓடி வந்தது உன்னக் கட்டிப்பிடிக்கக்கா. ரெண்டாவது தடவை போட்டோவுக்கு." தங்கையின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "ரெண்டாவது தடவையும் நீ கட்டிப்பிடிக்கல. சரியா விழுந்திருக்கான்னு கேமராவப் பாத்துக்கிட்டு இருந்த."

இந்த மாதிரி ஒரு தப்பை உலகத்தில் வேறு எந்த அக்காவும் செய்திருக்க மாட்டாள். தாயில்லாப் பெண் பட்டம் வாங்கிக்கொண்டு பாய்ந்து வருகிறாள், இவள் அவளைத் திருப்பி மேடைக்கு அனுப்பியிருக்கிறாள்! அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் வேறு மாட்டியிருக்கிறாள்!

"கல்யாணத்தன்னைக்கு எனக்குப் போட்டோகிராபர் வேணாம்க்கா. அக்கா வேணும். கடைசி வரைக்கும் என் பக்கத்துல உக்காரணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

"கேமராவக் கையாலயே தொட மாட்டேன். சத்தியம்."

தங்கை அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "பாக்கலாம்" என்றாள்.

கல்யாணத்தைவிட அந்தப் "பாக்கலாம்"தான் அவளை உறுத்தியது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த பெண்ணே தன் சத்தியத்தை நம்பவில்லை. சொல்லி ஓயவில்லை, அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் நாலு தடவை சொல்லிவிட்டாள். அவர் எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவ சொன்னதுல என்ன தப்பு? வருஷம் பூரா ஓடுறவ, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் எப்படி உக்காருவ? உக்காரவும் பழக்கம் வேணும்ல?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"லிப்டுக்கே ஒரு அளவு போட்டிருக்கான். அதுக்கு மேல ஒரு ஆள் ஏறினா கத்தும், எறங்குற வரைக்கும் நகராது. யாரும் லிப்டக் கோச்சுக்கிட்டுப் போறதில்ல. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எறங்கி, அடுத்ததுல வருவாங்க. நீ மட்டும் ஏறு ஏறுன்னு ஏத்திக்கிட்டே இருக்க. கத்தவும் மாட்டேங்குற."

அவளுக்கு அது சுருக்கென்று பட்டது. மறுநாளே தொழிலுக்கென்று தனியாக ஒரு போன் வாங்கினாள். பொழுது சாய்ந்து முன்னறை விளக்கை அணைத்தால் அந்தப் போன் மேஜை டிராயருக்குள் போய்விட வேண்டும். படத்தில் திருத்தம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு ஒரு தடவை சரிபார்ப்பு, அதோடு முடிந்தது. வாரத்தில் ஒரு நாள் கடை கிடையாது. இதையெல்லாம் அழகாக அச்சடித்துக் கதவில் ஒட்டினாள். ஒட்டுவதில் என்ன இருக்கிறது? பசை இருந்தால் யாரும் ஒட்டலாம். வாயால் சொல்ல வேண்டுமே!

முதல் தடவை வாயால் சொல்லப் போன கதை இது. கடை இல்லாத நாளில் ஒரு ஆசிரியை வந்து, பிள்ளைக்கு அவசரமாக ஒரு படம் வேண்டும் என்றாள். ஓட்டக்காரி முடியாது என்பதைச் சொல்வதற்குமுன் மன்னிப்புக் கேட்டாள், காரணம் சொன்னாள், காரணத்துக்கு ஒரு மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாள் முகம் வாடியதைப் பார்த்ததும் மனசு கேட்காமல், "சரி வந்ததுதான் வந்தீங்க" என்று பிள்ளையின் படத்தை எடுத்தாள், அந்த அம்மாளின் பழைய படம் ஒன்றையும் சரிபண்ணித் தருவதாக வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வேலையை மறுக்கப் போய் இரண்டு வேலையோடு திரும்பி வந்த புண்ணியவதி அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். திரைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் அவரே அவளுக்கு ஒத்திகை வைத்தார். சமையலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, குரலை மாற்றி, "அம்மா, ஒரே ஒரு சின்ன வேலை" என்பார்.

"மன்னிச்சுக்குங்க, இன்னைக்கு..."

"மன்னிப்பு எதுக்கு? நீ என்ன அவன் வீட்டுக் கண்ணாடிய ஒடச்சியா? மறுபடி சொல்லு."

"இன்னைக்கு முடியாதுங்க, ஏன்னா..."

"ஏன்னா வேணாம். ஏன்னான்னு ஆரம்பிச்சா அவன் அதுக்கு ஒரு பதில் வச்சிருப்பான். இன்னைக்கு முடியாது, என்னைக்கு முடியும்னு மட்டும் சொல்லு."

"இன்னைக்கு முடியாதுங்க. நாளைக்குக் காலையில வாங்க."

"இப்பதான் லிப்ட் கத்துது" என்று அவர் கைதட்டினார். அவள் பருப்புக் கரண்டியாலேயே அவர் முதுகில் ஒன்று போட்டாள்.

நிஜமான பரீட்சை ஜவுளிக்கடை முதலாளியிடம் வந்தது. அவர் சாதாரண ஆள் இல்லை. கடையில் புதுத் துணி வந்தால் படம் எடுக்க இவளைத்தான் கூப்பிடுவார், வருஷம் முழுவதும் வேலை கொடுக்கிறவர். அவர் போன் பண்ணி, புதுச் சரக்கு வருகிறது, இன்ன தேதியில் காலையிலேயே வந்துவிடு என்றார். அது தங்கையின் கல்யாணத் தேதி.

ஓட்டக்காரி தலையைத் தூக்கினாள். முன்னால் சுவரில் தங்கை கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு முடியாது சார். மறுநாள் காலையில வர்றேன்."

"என்னம்மா புதுசா இருக்கு? ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போ. சின்ன வேலைதான்."

"அன்னைக்கு முடியாது சார். மறுநாள் வர்றேன்."

"அப்ப நான் வேற ஆளப் பாத்துக்கவா?"

பழைய ஓட்டக்காரியாக இருந்தால் அந்த ஒரு கேள்வியில் தடாலென்று காலில் விழுந்திருப்பாள். இப்போதும் பயம் இருந்தது. வருஷம் பூராவும் வருகிற வேலை போய்விட்டால் என்ன செய்வது? ஆனால் காரணம் சொல்லாமல், மன்னிப்புக் கேட்காமல், "உங்க இஷ்டம் சார்" என்றாள். அவர் பட்டென்று வைத்துவிட்டார். அவள் போய்ச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தாள்.

கல்யாணத்துக்கு யாராவது படம் எடுக்க வேண்டுமே. ஊரில் அவளுக்குப் போட்டி என்று இருந்தவர் ஒருத்தர்தான், பாலத்துக்கு அடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர். பாலத்தடிக்காரர் என்று பேர். இருவரும் தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள், முதுகுக்குப் பின்னால் ஒருவர் படத்தை இன்னொருவர் பழிப்பார்கள். ஓட்டக்காரி அவர் கடைப் படியேறியதும் அவர் பதறி எழுந்தார்.

"மேடம், உங்ககிட்ட இருந்த ஸ்கூல் வேலைய நான் தேடிப் போகல. அவங்களா வந்தாங்க."

"அதுக்கு வரல சார். ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கணும்."

"யாரு கல்யாணம்?"

"என் தங்கச்சி கல்யாணம்."

அவர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "நீங்க இருக்கும்போது நானா?"

"நான் அன்னைக்கு லீவு சார்."

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வாயில் அந்தச் சொல் வருவதே இல்லை. பாலத்தடிக்காரர் அவளை ஏதோ லாட்டரி விழுந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். சொன்னவளுக்கும் முதலில் கூச்சமாக இருந்தது. தெருவில் திரும்பி நடக்கையில் லீவு, லீவு என்று தனக்குத் தானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இனித்தது.

விஷயம் அத்தை காதுக்குப் போனது. அத்தை சும்மா இருப்பாளா? படியேறும்போதே தொடங்கிவிட்டாள். "அடியே! வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாங்களா? வீட்டுலயே ஒருத்தி இருக்கையில வெளியாளுக்கு அழணுமா? ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும் அத்தை. சிரிக்கிறவங்கள அவரு நல்லா எடுப்பாரு."

அத்தை வந்த படியிலேயே திரும்பி இறங்கிவிட்டாள். அந்த வீட்டில் அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

அந்த வாரமே ஜவுளிக்கடை முதலாளி மறுபடி போன் பண்ணினார். குரலில் அந்த உறுமலைக் காணோம். "ஏம்மா, பாலத்தடிக்காரனுக்கும் அன்னைக்கு ஏதோ கல்யாணமாம். ஊருல எல்லாருக்கும் அன்னைக்கேதான் கல்யாணமா?"

"எல்லாருக்கும் இல்ல சார். எங்க வீட்டுக் கல்யாணம்தான். அவருதான் எடுக்குறாரு."

அந்த மனிதர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "மொதல்லயே தங்கச்சி கல்யாணம்னு சொல்லியிருக்கலாம்ல? சரி, மறுநாளே வா" என்றார். அவள் போனை டிராயரில் வைத்துவிட்டுத் திரையை விலக்கி உள்ளே போனாள். அப்படி ஒரு நடை! தேர் அசைந்து வருவது போல என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

கல்யாணத்தன்று காலையில் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். "நான் கேட்டாலும் குடுக்காதீங்க." அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுத் தட்டிக்காட்டினார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கழுத்தில் கேமரா வார் இல்லாமல் தலை லேசாகப் பறந்துவிடும் போலிருந்தது. யாராவது சிரித்தால் ஆள்காட்டி விரல் தானாக வளைந்தது. பாலத்தடிக்காரர் வந்து வணக்கம் சொன்னார், நெற்றியெல்லாம் வியர்வை.

"மேடம், ஒரு உதவி. நீங்க அப்படி என்னப் பாக்காதீங்க. பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு."

"நான் எங்க சார் பாத்தேன்?"

"இப்பகூட லென்ஸத்தான் பாக்குறீங்க."

அவள் அவசரமாகக் கண்ணை எடுத்துக் கூரையைப் பார்த்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பாதிச் சொந்தம் காணாமல் போய்விடும் என்பது தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் கையெழுத்துக்கு முன்பே குரூப் போட்டோ வைத்தார் பாலத்தடிக்காரர். தங்கை அக்காவின் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் நட்டநடுவில், தனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அத்தை பின்னால் நின்றபடி, "இன்னைக்காவது இவ மூஞ்சி தெரியுதான்னு பாப்போம்" என்றாள். பாலத்தடிக்காரர் ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து, "யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஓட்டக்காரியின் உடம்பு நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு ஓடிய கால்கள், சொன்னால் கேட்குமா? தங்கையின் கை அவள் முழங்காலை அழுத்தியது. ஓட்டக்காரி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில், முதுகு நாற்காலியில், முகம் நேராக. கிளிக் என்றது.

பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் மேஜை முன் உட்கார்ந்தார்கள். ஓட்டக்காரி பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில். பதிவு செய்ய வந்தவர் இடத்தைக் காட்ட, தங்கை பேனாவை எடுத்துக் குனிந்தாள். அப்போது பார்த்து மேகம் விலகியது போல, பக்கத்து ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்து தங்கையின் கன்னத்திலும் விரல்களிலும் விழுந்தது. என்ன வெளிச்சம் அது! இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒன்று அவளுக்கு வாய்த்ததில்லை. பாலத்தடிக்காரரோ அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வாங்க சார், ஜன்னல் பக்கம், ஜன்னல் பக்கம் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அத்தை கீழே முதல் வரிசையிலிருந்து வாயசைத்து, "கேமராவக் கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டாள்.

ஓட்டக்காரி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. விரல்களைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள். கேமரா இல்லாத வெறும் கண்ணால் தங்கையைப் பார்த்தாள். சின்ன வயதில் எழுதும்போது நாக்கை ஓரத்தில் துருத்துவாளே, இப்போதும் அப்படியே துருத்திக்கொண்டு எழுதினாள். இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தது நான், இந்தக் கையெழுத்தைப் போட வைத்தது நான் என்று அவளுக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணீர் வந்து எல்லாம் மங்கலாகிவிட்டது. மங்கலானால் என்ன? கண்ணில் விழுந்த படம்தானே, அதை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

சாட்சிகளுக்குத் தனித் தாள், மேடைக்குக் கீழே இன்னொரு மேஜையில் இருந்தது, அவளை அங்கே கூப்பிட்டார்கள். படியிறங்கிப் போய்த் தன் பெயரை எழுதிவிட்டுத் திரும்பினாள். மேடையில் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். ஜனம் கைதட்டியது. தங்கை எழுந்தாள், சுற்றும் முற்றும் தேடினாள், கீழே நின்ற அக்காவைக் கண்டாள். கண்டதும் ஓடி வந்தாள். அதே மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, படிகளில் தடதடவென்று.

ஓட்டக்காரி முட்டி போடவில்லை. தலைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கவில்லை. கையை விரித்தாள். பாய்ந்து வந்த பெண்ணின் பாரத்தில் இரண்டடி பின்னால் தள்ளாடி, அப்படியே நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். எத்தனை வருஷத்துப் பாக்கி அது! இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

"ஐயையோ!" என்று ஒரு குரல். பாலத்தடிக்காரர். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் அப்போதுதான் வெளியே எடுத்த மெமரி கார்டு. பழையது நிறைந்துபோய், புதிதை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எந்தப் போட்டோகிராபருக்கும் வரக்கூடாத கஷ்டம் அது. ஓட்டக்காரிக்கு அது தெரியாதா?

"மேடம், ஒரே ஒரு தடவை. பொண்ண மேல போயிட்டு மறுபடி ஓடி வரச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலைதான்."

அத்தையும் சேர்ந்துகொண்டாள். "ஆமாடி, எவ்வளவு அழகா ஓடி வந்தா! படம் இல்லாமப் போகலாமா? மறுபடி ஓடி வரட்டும்."

மண்டபமே பார்த்துக்கொண்டு நின்றது. தங்கையின் உடம்பு அக்காவின் கைகளுக்குள் கல்லாக இறுகியது. அவள் தலையைத் தூக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முடியாது சார்" என்றாள் ஓட்டக்காரி.

மன்னிப்புக் கேட்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. பாலத்தடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "சரி மேடம்" என்று கேமராவைக் கீழே இறக்கினார். கூட்டத்தின் ஓரத்தில் லிப்ட் மெக்கானிக் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் வீட்டுக்காரி சார் அது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கையின் உடம்பு மெல்ல இளகியது. அக்காவின் காதருகில் வாயை வைத்தாள்.

"பாத்துட்டேன்க்கா" என்றாள்.